பாடம் 7: அம்மம்மாவின் சிக்கனம் – வீட்டுச் செலவைக் குறைக்கும் பழைய வழிகள்

சொந்தக் காணிக்குத் திரும்பி விட்டீர்கள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, தறப்பாளும் தகரமும் கொண்டு ஒரு கொட்டில் போட்டாயிற்று. முதல் இரண்டு மூன்று மாதங்களில் எல்லாக் குடும்பங்களும் சொல்வது ஒன்றுதான்: "கையிலே காசு நிற்குதில்லை."

இதற்குக் காரணம் உண்டு. நலன்புரி முகாமில் இருந்தபோது அரிசியும் பருப்பும் மாவும் வரிசையில் நின்றால் கிடைத்தன. முருங்கை மரமோ கோழிக்கூடோ அங்கே இல்லை. ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. கீரை முதல் விறகு வரை எல்லாவற்றையும் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். உலர் உணவு அட்டை முடியும் நாள் வரும்போது இந்தச் செலவு பெரிய சுமையாக மாறும்.

உங்களில் பலருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1990களில் கடைகளில் சாமான் இல்லாத காலத்தை நீங்கள் கடந்து வந்தவர்கள். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தீர்கள். மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணி, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தீர்கள். ஆனால் இடம்பெயர்வில் பிறந்து முகாமில் வளர்ந்த பிள்ளைகள் இவற்றைப் பார்த்ததில்லை. வீட்டில் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் அவரையும் அருகில் இருத்தி இந்தப் பாடத்தைப் படியுங்கள். இதில் நாம் எழுதாமல் விட்டதை அவர் சொல்லித் தருவார்.

இப்பாடத்தின் நோக்கம்

• வீட்டுக் காசு எங்கே போகிறது என்பதைக் கண்டறிதல்.
• காசு கொடுத்து வாங்குபவற்றில் எவற்றை வீட்டிலும் வளவிலும் பெறலாம் என அறிதல்.
• எந்தச் செலவைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்பதைக் குடும்பமாகத் தீர்மானித்தல்.

1. முதலில் ஒரு கொப்பி

செலவைக் குறைக்க முன் செலவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாடசாலைக் கொப்பியில் மிஞ்சிய பக்கங்கள் போதும். இரண்டு கிழமைக்கு, வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு ரூபாவையும் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். பாண், சீனி, தேங்காய், வெற்றிலை, ரீலோட், பஸ் காசு, சிகரட், சாராயம் என எதையும் விட வேண்டாம். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கணக்கு முழுமையாக இருந்தால்தான் பயன் தரும்.

இரண்டு கிழமை முடிந்ததும் குடும்பமாக இருந்து, ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் இடுங்கள்:

• கட்டாயம் வாங்க வேண்டியது (உப்பு, மருந்து, பிள்ளையின் செருப்பு போன்றவை).
• வீட்டிலோ வளவிலோ பெறக்கூடியது (கீரை, விறகு, மிளகாய், முட்டை போன்றவை).
• பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போடக்கூடியது.

பல வீடுகளில் இரண்டாவது அடையாளம் எதிர்பார்த்ததை விடக் கூடுதலாக இருக்கும். இந்தப் பாடத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

ஒரு சிறு உதாரணம் பார்ப்போம். தாய், தகப்பன், அம்மம்மா, மூன்று பிள்ளைகள் என ஆறு பேர் உள்ள வீடு. ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு மூன்று தரம் தேநீர் குடிக்கிறார்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. அப்படியானால் நாளுக்கு 36 கரண்டி. ஒரு கரண்டி ஏறக்குறைய 5 கிராம் என வைத்தால், நாளுக்கு 180 கிராம். 30 நாளில் 5 கிலோ 400 கிராம் சீனி! முன்னர் எங்கள் வீடுகளில் வெறுந்தேநீரைப் பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். நாக்குக்கு இனிப்புப் போதுமானதாக இருந்தது. இனிப்பும் குறைவாகவே செலவானது. பனங்கட்டி கிடைக்காவிட்டால் ஒரு கரண்டி சீனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாதம் 2 கிலோ 700 கிராம் மிஞ்சும். அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கலாம்.

2. குசினியில்

பழைய குசினியில் குப்பைக்குப் போனது மிகக் குறைவு. ஒரு தேங்காயை எடுத்துக்கொள்வோம். முதற்பால் கறிக்கும், இரண்டாம் மூன்றாம் பால் அவியவிடவும் சொதிக்கும் பயன்பட்டன. பிழிந்த பூவைக் கீரை வறைக்குச் சேர்த்தார்கள். மிஞ்சியதைக் கோழிக்குப் போட்டார்கள். சிரட்டை அகப்பையாகவும் அடுப்புக்கு எரிபொருளாகவும் ஆனது. பொச்சு மட்டையை வாழையடியிலும் தென்னையடியிலும் தாட்டால் அது மழைநீரைப் பிடித்து வைத்து, கோடையில் வேருக்கு ஈரம் கொடுக்கும். ஒரு பொருளை எறிய முன் "இது வேறு எதற்கு உதவும்?" என்று கேட்கும் பழக்கமே அம்மம்மாவின் சிக்கனம்.

அரிசி: சோற்றை அளந்து போடுங்கள். வீட்டில் ஒரு சுண்டுப் பேணி வைத்திருந்தால், ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு கிழமையில் பிடிபட்டு விடும். அரிசி கழுவிய தண்ணீரை மாட்டுக்கோ கத்தரிக் கன்றுக்கோ ஊற்றுங்கள். வடித்த கஞ்சியில் உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டால் தோட்டத்துக்குப் போகிறவருக்குக் காலைப் பசி தீரும்.

பழஞ்சோறு: இரவுச் சோறு மிஞ்சினால், ஆறியபின் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் வெங்காயம், பச்சை மிளகாய், மிஞ்சிய கறி, தேங்காய்ப்பால் சேர்த்துக் குழைத்து, உருண்டையாக உருட்டிப் பிள்ளைகளின் கையில் வைத்த அம்மம்மாமாரை உங்களுக்கு நினைவிருக்கும். பாண் வாங்கும் காசு மிஞ்சும். ஆனால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். மிஞ்சிய மீன், இறைச்சிக் கறியை நன்றாகக் கொதிக்கச் சூடாக்கிய பின்பே சேர்க்க வேண்டும். சோறு வழுவழுத்தாலோ கெட்ட மணம் வந்தாலோ யாருக்கும் கொடுக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு எப்போதும் புதிதாகச் சமைத்ததையே கொடுங்கள்.

பருப்பும் பயறும்: கடலை, பயறு, கௌபி என்பவற்றை முதல்நாள் இரவே ஊறவிடுங்கள். விரைவாக அவியும், விறகு மிஞ்சும். இறைச்சி, மீன் வாங்க முடியாத நாட்களில் சோற்றோடு பருப்போ பயறோ இருந்தால் உடம்புக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்.

மரவள்ளி: மலிவானது, பசி தாங்கும். கிண்டிய உடனே சமையுங்கள். தோலை நன்றாக உரித்து, சட்டியை மூடாமல் அவித்து, அவித்த நீரை ஊற்றி விடுங்கள். கசக்கும் கிழங்கை உண்ண வேண்டாம்.

மலிந்த காலத்தில் பதப்படுத்துதல்: மீன் மலிவாக வரும் நாளில் உப்பிட்டு வெயிலில் காயவைத்துக் கருவாடாக்குங்கள். மிளகாய் மலிந்தால் மோர் மிளகாய், தேசிக்காய் மலிந்தால் ஊறுகாய். காயவைக்கும்போது இலையான் மொய்க்காமல் பழைய நுளம்பு வலையால் மூடுங்கள். மழைக்காலத்தில் கறிக்கு ஒன்றும் இல்லாத நாளில் இவை கை கொடுக்கும்.

3. அடுப்பும் விளக்கும்

வெளியில் மூன்று கல் வைத்து எரிக்கும் அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். களிமண்ணும் வைக்கோலும் குழைத்து, மூன்று பக்கமும் சுவர் வைத்த மண் அடுப்புக் கட்டினால் விறகு குறைவாகவே தேவைப்படும். புற்று மண் கிடைத்தால் இன்னும் உறுதியாக இருக்கும். விறகைச் சிறிதாகக் கொத்தி, முன்கூட்டியே காயவைத்து எரியுங்கள். ஈர விறகு புகையைத்தான் தரும்; புகை தாயின் கண்ணுக்கும் குழந்தையின் நெஞ்சுக்கும் கூடாது. மரவள்ளியைத் தவிர மற்றவற்றை மூடி அவியுங்கள். பனை ஓலை மட்டை, ஊமல், சிரட்டை, வேலியில் வெட்டும் தடி எல்லாம் நல்ல எரிபொருள். சமைத்து முடிந்ததும் நெருப்பை அணைத்தால் மிஞ்சிய கொள்ளியும் கரியும் அடுத்த நாளுக்கு உதவும். சாம்பலைச் சட்டி கழுவவும், பயிரில் பூச்சிக்குத் தூவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விடயத்தில் சிக்கனத்தை விடப் பாதுகாப்பு முக்கியம். உயரமான போத்தலில் திரி வைத்துச் செய்யும் குப்பி விளக்கு எளிதில் சரிந்து, மண்ணெண்ணெய் சிந்தித் தீப்பிடிக்கும். இதனால் இலங்கையில் பல பிள்ளைகளும் பெண்களும் எரிகாயம் அடைந்துள்ளனர். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர என்பவர் இதற்காகவே ஒரு பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். அது குட்டையானது, பாரமானது, இரு பக்கமும் தட்டையானது. மூடி உலோகத்தில் திருகிப் பூட்டக்கூடியது. விழுந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. நீங்களும் விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நான்கு குணங்களையும் பாருங்கள். விளக்கைப் பாய்க்கும் நுளம்பு வலைக்கும் அருகில் வைக்க வேண்டாம். ஒரே விளக்கைச் சுற்றி எல்லாப் பிள்ளைகளும் இருந்து படித்தால் எண்ணெயும் மிஞ்சும், தாயின் கண்ணும் அவர்கள் மேல் இருக்கும்.

4. வளவு தரும் வருமானம்

கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் வீணாக ஓடுகிறதா? ஒரு சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் பப்பாசிக்கும் திருப்பி விடுங்கள். தனியாக நீர் இறைக்கத் தேவையில்லை.

மழை தொடங்க முன், புரட்டாதி அளவில், கை மொத்தத்தில் உள்ள முருங்கைத் தடியை வேலியோரம் நடுங்கள். முருங்கைக்காய் விற்கலாம், இலை தினமும் வறைக்கும் சொதிக்கும் ஆகும். அந்த இலையில் கண் பார்வைக்கும் இரத்தத்துக்கும் வேண்டிய சத்து உண்டு. பசளி, பொன்னாங்காணி, வல்லாரை என்பவை கிணற்றடி ஈரத்திலேயே வளரும். கத்தரி, மிளகாய், வெண்டி ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கன்று இருந்தாலே ஒரு வீட்டுக்குப் போதுமான அளவு காய்க்கும். நெல் வயல் உள்ளவர்கள் காலபோக அறுவடை முடிந்ததும் மண்ணில் எஞ்சிய ஈரத்திலேயே பயறு, உழுந்து, எள்ளு விதைக்கலாம்.

வேலி: கம்பியும் தூணும் வாங்கும் காசு இல்லாதவர்கள் கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால் நட்டு உயிர்வேலி போடலாம். அதன் குழை ஆட்டுக்குத் தீனியாகவும் பயிருக்குப் பசளையாகவும் ஆகும். வருடா வருடம் வெட்டும் தடி விறகாகும். கதியாலை அயல் வீட்டில் கேட்டு எடுக்கலாம். அடுத்த வருடம் நீங்கள் இன்னொருவருக்குக் கொடுப்பீர்கள்.

பனை: போரில் எத்தனையோ பனைகள் தலை இழந்தன. நிற்கும் பனையைக் காப்பாற்றுங்கள். ஓலை கூரைக்கும் வேலிக்கும், ஈர்க்கும் குருத்தோலையும் பெட்டி, கடகம், சுளகு இழைக்கவும் ஆகும். ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தின் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. விதையைப் பாத்தி போட்டால் மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்துக் கசப்பை நீக்கிய பின்பே பிட்டும் கூழும் செய்ய வேண்டும். ஒடியல் கூழுக்கு மீன், நண்டு, மரவள்ளி, பயற்றங்காய், கீரை என எது கிடைத்தாலும் போடலாம். ஒரு பானைக் கூழ் முழுக் குடும்பத்துக்கும் ஒரு வேளை உணவு.

விதை: கடையில் வாங்கும் கலப்பினப் பொதியில் இருந்து வளர்ந்த காயின் விதையை மறுபடி போட்டால் அதே விளைச்சல் வராது. நாட்டு விதை அப்படியல்ல. முதற்காய்களில் நல்லதை முற்ற விட்டு, விதையை எடுத்துக் கழுவி நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து வையுங்கள். பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். பயறு, கௌபி வைக்கும் போத்தலில் காய்ந்த வேப்பிலை போட்டால் வண்டு குறையும். பூச்சிமருந்து வந்த போத்தலையும் பேணியையும் விதைக்கோ தண்ணீருக்கோ மண்ணெண்ணெய்க்கோ ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். ஓட்டை போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

5. பிடியரிசி

அந்தக் காலத்துத் தாய்மார் உலையில் அரிசி போட முன், அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போடுவார்கள். ஒரு பிடி குறைந்தது யாருக்கும் தெரியாது. ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம் என்று வைப்போம். நாளுக்கு இரண்டு தரம் சமைத்தால் 80 கிராம். மாதத்துக்கு 2 கிலோ 400 கிராம். ஒரு வருடத்தில் ஏறத்தாழ 29 கிலோ அரிசி.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழையால் கூலிவேலை நின்றுவிடும். புது நெல் வீட்டுக்கு வரத் தை, மாசி ஆகும். கடன் வாங்கும் காலம் இதுதான். பிடியரிசிப் பானை இந்த இரண்டு மாதத்துக்காகவே வைக்கப்பட்டது. ஐந்து அல்லது பத்து வீடுகள் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. மாதம் ஒரு முறை எல்லோருடைய பிடியரிசியையும் சேர்த்து, அந்த மாதம் யாருக்கு நெருக்கடியோ அந்த வீட்டுக்குக் கொடுக்கலாம். தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்களுக்கும் நோயாளி உள்ள வீட்டுக்கும் இது வெட்கமில்லாத உதவி. அவர்களும் பிடி போட்டவர்கள்தானே.

ஏற்கனவே பிள்ளைகள் அரைவயிறாக இருக்கும் வீட்டில் பிடி எடுக்க வேண்டாம். அந்த வீடு இப்போது பெறும் பக்கத்தில் இருக்கட்டும்.

6. கடன்: சேமித்ததைக் கொண்டுபோகும் வாசல்

சீனியில், விறகில், பாணில் சேமித்த காசை ஒரே நாளில் கொண்டுபோகக்கூடியது கடன். பாதை திறந்ததும் தவணைமுறையில் சாமான் விற்பவர்கள் வீடு தேடி வருகிறார்கள். வாங்குவதும் வாங்காததும் உங்கள் உரிமை. ஆனால் கையெழுத்து வைக்க முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

உதாரணமாக, கைக்காசுக்கு 30,000 ரூபா விலையுள்ள ஒரு பொருள். முற்பணம் 5,000. பிறகு மாதம் 1,800 வீதம் 24 மாதம். "மாதம் 1,800 தானே" என்று தோன்றும். மொத்தம் எவ்வளவு? 1,800 x 24 = 43,200. முற்பணத்தோடு 48,200. அதாவது 18,200 ரூபா கூடுதல். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதையும் கேளுங்கள். தெரியாத மொழியில் உள்ள படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வட்டிக்கடனும் அப்படித்தான். நூற்றுக்கு மாதம் 5 ரூபா என்றால் சிறிதாகத் தெரியும். 10,000 ரூபாவுக்கு மாதம் 500, வருடத்துக்கு 6,000. அவ்வளவு கட்டிய பிறகும் முதல் 10,000 அப்படியே இருக்கும். அவசரத்துக்கு நகை அடகு வைக்க நேர்ந்தால், தனியாரிடம் போக முன் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியிலும் அரச வங்கியிலும் வட்டியைக் கேட்டு ஒப்பிடுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மீட்கும் திகதியைக் கொப்பியில் எழுதுங்கள்.

வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாக வரும். "இன்னும் ஓர் அறை" என்று அத்திவாரத்தைப் பெரிதாக்கினால், கூரை போட முன் காசு முடிந்துவிடும்; பிறகு கடன்தான். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று முன்னோர் சொன்னது இதைத்தான். திட்டத்தில் சொன்ன அளவில் கட்டி முடியுங்கள். விறாந்தையும் அறையும் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

சாமத்தியச் சடங்கு, கலியாணம், அந்தியேட்டி என்பவற்றுக்கும் இது பொருந்தும். முன்னர் அயலவர் அரிசியும் மரக்கறியும் கொண்டு வந்தார்கள். பெண்கள் கூடிச் சமைத்தார்கள். ஆண்கள் பந்தல் போட்டார்கள். அந்த உதவியைக் கேட்பதில் குறைவில்லை. ஊரில் ஒரு மதிப்புள்ள வீடு எளிமையாகச் செய்து காட்டினால் மற்ற வீடுகளின் பயமும் போய்விடும்.

7. எங்கே சிக்கனம் பிடிக்கக் கூடாது?

இந்தப் பாடத்தில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால் இதை வைத்திருங்கள்.

சாப்பாட்டுக் கோப்பையில்: காசு குறைந்ததும் முதலில் தாய் சாப்பிடாமல் விடுகிறாள்; பிறகு பிள்ளையின் முட்டையும் மீனும் நிற்கின்றன. இது சிக்கனம் ஆகாது. கர்ப்பிணித் தாய், பாலூட்டும் தாய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை ஆகியோரின் உணவில் கை வைக்க வேண்டாம். சீனியை, ரீலோட்டை, சிகரட்டை, சடங்குச் செலவைக் குறையுங்கள்.

தண்ணீரிலும் மருந்திலும்: விறகு மிஞ்ச வேண்டும் என்று கொதிக்காத நீரைக் குடிக்க வேண்டாம். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். குறையாவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தடிமனுக்குக் கொத்தமல்லிக் குடிநீர் நல்லது. ஆனால் காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால், அல்லது பாம்பு கடித்தால், வீட்டு வைத்தியத்தோடு நிற்க வேண்டாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

படிப்பில்: பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றன. மூத்த பிள்ளையின் உடுப்பை இளைய பிள்ளைக்குத் தைத்துக் கொடுக்கலாம். சீமெந்துப் பைக் கடதாசியால் கொப்பிக்கு உறை போடலாம். கூலிக் காசுக்காகப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்துவது எல்லாவற்றிலும் விலை கூடிய சிக்கனம்.

உயிரில்: விறகும் ஓலையும் காசில்லாமல் கிடைக்கும் என்று மிதிவெடி அகற்றப்படாத காணிக்குள் போக வேண்டாம். மண்டையோட்டுப் பலகை, சிவப்பு அடையாளம், மஞ்சள் நாடா கண்டால் வந்த வழியே திரும்புங்கள். பலகை இல்லை என்பதால் இடம் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். கிராம அலுவலரிடம் கேளுங்கள். பழைய இரும்பு பொறுக்கி விற்று ஒரு கிலோவுக்கு வரும் சில ரூபாவுக்காகக் கையையும் காலையும் உயிரையும் இழந்தவர்கள் எங்கள் மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. அறியாத எந்த இரும்பையும் தொடவோ, தட்டவோ, எரிக்கவோ வேண்டாம். துப்புரவாக்கப்படாத நிலத்தில் குப்பை எரிப்பதும் அடுப்புக்குக் குழி வெட்டுவதும் ஆபத்து. மண்ணுக்குள் கிடப்பது சூட்டிலும் வெடிக்கும்.

விறகு தூரத்தில் என்றால், நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து, துப்புரவாக்கப்பட்ட பாதையால் ஒரே நாளில் போய் வாருங்கள். அதற்கும் வழியில்லையென்றால் காசு கொடுத்து வாங்குங்கள். அந்தக் காசு வீண்செலவல்ல.

செய்து பாருங்கள்

இந்தக் கிழமை: கொப்பியைத் தொடங்குங்கள். வீட்டிலுள்ள மூத்தவரிடம் "சாமான் இல்லாத காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லி, அவர் சொல்வதில் மூன்றை எழுதுங்கள்.

இந்த மாதம்: மண் அடுப்புக் கட்டுங்கள். கிணற்றடி நீரை வாழைக்குத் திருப்புங்கள். பிடியரிசிப் பானை ஒன்று வையுங்கள்.

இந்த மழைக்கு முன்: முருங்கைத் தடி இரண்டு, கதியால் பத்து நடுங்கள். நாட்டு விதை ஒரு போத்தல் சேருங்கள்.

குழுவில் கலந்துரையாடுங்கள்

1. எங்கள் கிராமத்தில் காசு கொடுத்து வாங்கும் எந்த ஐந்து பொருட்களை நாமே உண்டாக்கலாம்?
2. பிடியரிசியைச் சேர்ந்து செய்ய எந்த வீடுகள் முன்வரும்? முதலில் எந்த வீட்டுக்குத் தேவை?
3. விறகும் ஓலையும் எடுக்கப் பாதுகாப்பான இடங்கள் எவை? அவற்றைக் கிராம அலுவலரிடம் உறுதி செய்தோமா?
4. சடங்குச் செலவைக் குறைக்க எங்கள் ஊர் என்ன முடிவு எடுக்கலாம்?

நினைவில் வைத்திருங்கள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பது குறைப்பதற்காக மட்டும் அல்ல. வேண்டிய இடத்தில் குறையாமல் கொடுப்பதற்காகவும்தான். சீனியிலும் விறகிலும் தவணையிலும் மிஞ்சிய காசு பிள்ளையின் கோப்பைக்கும் கொப்பிக்கும் போகட்டும். ஊரை விட்டுப் போனபோது எங்களால் எடுத்துச் செல்ல முடிந்த பொருட்கள் சிலவே. கைப்பழக்கமும் அறிவும் எங்களோடு திரும்பி வந்துள்ளன. அவற்றை அடுத்த பிள்ளைக்குக் கொடுப்போம்.